பாடசாலை விட்ட பிறகு: கண்டியில் ஊர்க்காசு வளர்த்த கல்வியின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பள்ளிவாசல் மேல்மாடியில் நடக்கும் பின்னேர நிலையத்தைப் பற்றி அண்மையில் பலர் கேட்டார்கள். ஒன்பதாம் ஆண்டிலிருந்து ஓ.எல். வரையான பிள்ளைகள் பாடசாலை விட்டதும் வந்து, அஸர் தொழுது, பாடம் படித்து, மஃரிபுக்கு முன் வீடு போகும் இடம் அது. கேட்டவர்களின் கேள்வி நியாயமானதுதான்: "நாட்டில் இலவசக் கல்வி இருக்கிறது. வசதியுள்ளவர்கள் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். பிறகு எதற்கு மாதாமாதம் ஊரிடம் காசு கேட்கிறீர்கள்?"

ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் இந்தக் கேள்வி புதியதல்ல. கண்டியில் கடந்த நூற்றைம்பது வருடமாக வேறு வேறு சொற்களில் கேட்கப்பட்டு வந்த கேள்வி இது. வரலாறு படிப்பிக்கிற ஒருவன் என்ற முறையில், அந்தக் கதையையே பதிலாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முதலில் பழைய பின்னேரம்.

கண்டி இராச்சிய காலத்தில் நமது மூதாதையர் கிராமங்களில் சிதறி வாழ்ந்தவர்கள். தவளம் என்ற பொதிமாட்டு வணிகம், வைத்தியம், விவசாயம் என்று பல தொழில் செய்தார்கள். போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டியபோது செனரத் மன்னன் இடம் கொடுத்த கதையை எல்லாரும் அறிவோம். அந்தக் காலத்தில் பள்ளிவாசலை ஒட்டியே ஓதப்பள்ளி இருந்தது. லெப்பை ஓதிக்கொடுத்தார். அவருக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. அவருடைய சாப்பாட்டையும் உடுப்பையும் ஊர் பார்த்துக்கொண்டது. பிள்ளைக்குக் குர்ஆனோடு சேர்த்து அறபுத்தமிழ் எழுத்தும் வந்தது.

அதாவது, ஊர்க்காசில் பிள்ளைகளைப் படிக்க வைப்பது நமக்குப் புதிதாக வந்த பழக்கமல்ல. நமது முதல் கல்வியே அப்படித்தான் நடந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை மாறியது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அடுத்த வருடமே உதவி நன்கொடை முறை வந்தது. யார் பாடசாலை நடத்தினாலும், பரீட்சையில் பிள்ளைகள் காட்டும் பெறுபேற்றைப் பார்த்து அரசாங்கம் காசு கொடுக்கும். கேட்க நல்ல முறையாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டடம் எங்கே? ஆசிரியரின் முதல் வருடச் சம்பளம் எங்கே? அதையெல்லாம் முதலில் யாராவது தம் கையிலிருந்து போட வேண்டும். மிஷனரிமாருக்குப் பின்னால் கடல் கடந்த சபைகள் இருந்தன. நமக்குப் பின்னால் யாரும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆங்கிலப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு அன்று காரணமும் இருந்தது, ஏனென்றால் பெரும்பாலான நல்ல பாடசாலைகள் மிஷன் பாடசாலைகள். இதனால் கண்டி நகரத்தில் சோனகப் பிள்ளை ஓதப்பள்ளியோடு நின்றது. பிறகு கடையில் நின்றது. மற்றச் சமூகத்துப் பிள்ளைகள் புரொக்டர்களாகவும் கிளார்க்குகளாகவும் வந்துகொண்டிருந்த காலத்தில் நமது பிள்ளைகள் தராசுக்குப் பின்னாலேயே இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் அறிஞர் சித்தி லெப்பை வருகிறார்.

முஹம்மது காசிம் சித்தி லெப்பை 1838இல் நமது கண்டியில் பிறந்தவர். தந்தையும் புரொக்டர். மகன் 1862இல் மாவட்ட நீதிமன்றப் புரொக்டராகி, இரண்டு வருடத்தில் உயர் நீதிமன்றத்திலும் அனுமதி பெற்றார். மாநகர சபையில் இருந்தார். நல்ல வருமானம், நல்ல மதிப்பு. அவர் நினைத்திருந்தால் காணி வாங்கி, கடை கட்டி வாடகை வாங்கிச் சௌகரியமாக இருந்திருக்கலாம்.

அவர் செய்தது வேறு. 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். வாரத்துக்கு வாரம் படிப்பைப் பற்றியே எழுதினார். 1885இல் 'அஸன்பேயுடைய கதை' எழுதினார். ஈழத்துத் தமிழின் முதல் நாவல் என்று இன்றும் சொல்லப்படுவது அதுதான். பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களும் எழுதினார். தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாடசாலை தொடங்கத் திரிந்தார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு பாடசாலை ஆரம்பித்தார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் இதைச் செய்தார் என்பதை நினைவில் வையுங்கள். கண்டியைச் சுற்றியும் குருநாகல் பக்கத்திலும் பாடசாலைகள் தொடங்கினார்.

1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு ஒறாபி பாஷா இலங்கைக்கு வந்தார். முதலில் கொழும்பில் இருந்தார், 1892 முதல் கண்டியில் இருந்தார், 1901இல்தான் நாடு திரும்பினார். அவர் வாழ்ந்த வீடு இன்றும் நமது நகரத்தில் நினைவில்லமாக இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். நவீன கல்வியும் மார்க்கமும் சேர்ந்து நடக்கலாம் என்று சொன்ன ஒரு பெரிய மனிதர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தது சித்தி லெப்பைக்குப் பெரிய பலமாக இருந்தது.

1880களில் கொழும்பில் செய்த முதல் முயற்சிக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. 1892இல் மருதானையில் அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா தொடங்கியது. வாப்பிச்சி மரைக்கார் போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். அதுதான் பிற்காலத்தில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

அந்தக் காலத்தில் பாடசாலை தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். 1890களின் தொடக்கத்தில் அரசாங்கம் 'கால் மைல் விதி' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே உள்ள ஒரு பாடசாலையிலிருந்து கால் மைலுக்குள் புதிதாகத் தொடங்கும் பாடசாலைக்கு உதவிப் பணம் இல்லை. நகரங்களில் நல்ல இடங்களிலெல்லாம் மிஷன் பாடசாலைகள் முன்பே வந்துவிட்டன. பிந்தி வந்த பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாருக்கும் இந்த விதி அடியாக விழுந்தது. அரசாங்கக் காசு வராது. ஊர்க்காசு ஒன்றுதான் வழி.

சித்தி லெப்பை 1898 பெப்ரவரியில் வபாத்தானார். வயது அறுபதைக்கூடத் தொடவில்லை. 1977இல் அவருக்கு முத்திரை வெளியிட்டார்கள். கண்டியில் அவர் பெயரில் பாடசாலை இருக்கிறது. ஆனால் அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் முத்திரையில் இல்லை. ஒரு மனிதர் தன் பையையும் தன் ஆயுளையும் வைத்துத் தொடங்கும் வேலை, அந்தப் பையும் ஆயுளும் முடியும்போது தடுமாறும். அவருடைய வேலைகளில் நிலைத்து வளர்ந்தது எது என்று பாருங்கள். மருதானையில் பலபேர் சேர்ந்து பொறுப்பெடுத்ததுதான் அதிகம் வளர்ந்தது.

அதே காலத்தில் நமது நகரத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம்.

1887இல் தர்மராஜக் கல்லூரி நாத தேவாலய வளவில் தொடங்கியது. பிள்ளைகள் பன்னிரண்டு பேர். 1891 மே மாதம் எல்.ஈ. பிளேஸ் என்பவர் பெவிலியன் வீதியில் ஒரு சின்ன இடத்தில் பாடசாலை தொடங்கினார். பிள்ளைகள் பதினொரு பேர். அதுதான் கிங்ஸ்வூட். நமது பின்னேர நிலையத்துக்கு முதல் வாரம் வந்த பிள்ளைகளும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இன்று மலையில் நிற்கும் பெரிய கல்லூரிகளின் முதல் நாள் பதிவேடு அப்படித்தான் இருந்தது.

அவை ஏன் நின்றன? தர்மராஜவுக்குப் பின்னால் ஒல்கொட் தொடங்கிய பௌத்த பிரம்மஞான சங்கம் இருந்தது. பிளேஸ் சில வருடங்களில் பாடசாலையை மெதடிஸ்த மிஷனிடம் ஒப்படைத்தார். தொடங்கியது ஒரு மனிதர், தாங்கியது ஒரு சபை. 1925இல் கிங்ஸ்வூட் முல்கம்பளைக்குப் போனது. அந்தக் குன்றுக்கு ரேண்டில்ஸ் ஹில் என்று பெயர் வந்தது கொடையாளியான சேர் ஜோன் ரேண்டில்ஸின் நினைவாக. பெரிய கொடை வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே முப்பது வருடத்துக்கு மேலாகப் பாடசாலையை நடத்திக் காட்டியிருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. நடக்கிற வேலைக்குத்தான் பெரிய கொடையும் தேடி வரும்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்தார்கள். உலையில் அரிசி போடும் தாய் ஒரு பிடியை வேறாக எடுத்து வைப்பாள். அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு அது பெரிய இழப்பில்லை. ஊர் முழுக்கச் சேர்ந்தால் அது ஆசிரியரின் சம்பளம். ஒரு பிடி அரிசி கொடுத்த தாய்க்கு அந்தப் பாடசாலை தன்னுடையது என்ற எண்ணம் வந்தது. காசைவிடப் பெரியது அந்த எண்ணம்.

அதே வண்ணார்பண்ணையில்தான் 1911இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் பிறந்தார். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இந்துச் சமூகம் தன் பிள்ளைகளுக்காக வளர்த்த பாடசாலைகளில் ஒரு முஸ்லிம் பிள்ளை படித்து, இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிமாக வந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடையில் 1915.

மே மாதக் கடைசியில் கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலடியில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் பல மாவட்டங்களுக்குப் பரவியது. அதற்கு முன்பே கம்பளையில் பெரஹரா செல்லும் வழி பற்றிய வழக்கு இருந்ததும் நீங்கள் அறிந்ததுதான். பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த சோனக வியாபாரிகளின் கடைகள் தாக்கப்பட்டன. யார் பிழை என்று பேச இதை எழுதவில்லை. கல்வியின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. நமது தர்மம் முழுக்கச் சில கடைகளின் இலாபத்தில் தங்கியிருந்தால், கடை எரிகிற நாளில் தர்மமும் எரிகிறது. பத்துப் பெரிய கடைகளை நம்பிய வேலைக்கும், ஐந்நூறு வீடுகளை நம்பிய வேலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அதன் பிறகு வந்த தலைமுறை இதைப் புரிந்துகொண்டது.

நமது கலகெதரையில் 1890இல் பிறந்தவர் ரி.பி. ஜாயா. மலாய்க் குடும்பத்துப் பிள்ளை. தர்மராஜவிலும் பின்னர் கொழும்பு ஆனந்தவிலும் ஆசிரியராக இருந்தார். 1921இல் ஸாஹிராவின் அதிபரானார். 1948 வரை அந்தப் பொறுப்பில் இருந்து ஒரு சிறிய பாடசாலையை நாடறிந்த கல்லூரியாக்கினார். கொழும்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக வெளியூர்களிலும் ஸாஹிராக் கிளைகள் வந்தன. கம்பளை ஸாஹிரா 1942இல் அப்படித்தான் பிறந்தது. முதல் அதிபர் பதியுதீன் மஹ்மூத். உலக யுத்தம் நடந்த நேரம், அரிசிக்குக் கூப்பன் இருந்த நேரம். அந்த நேரத்தில் மலையகத்து முஸ்லிம்கள் ஒரு பாடசாலையைத் தூக்கி நிறுத்தினார்கள். இன்று "பொருளாதாரம் சரியில்லை, பிறகு பார்ப்போம்" என்று சொல்லும்போது 1942ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

அஸீஸ் அதே 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். உணவு உற்பத்திக்காக அனுப்பப்பட்டவர், அங்குள்ள பிள்ளைகளின் நிலையைப் பார்த்து அதே வருடம் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப் பரிசில் நிதியத்தைத் தொடங்கினார். காசில்லை என்ற ஒரே காரணத்தால் திறமையான ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கக்கூடாது என்பதுதான் நோக்கம். பிறகு சிவில் சேவையை விட்டுவிட்டு 1948இல் ஸாஹிராவின் அதிபராக வந்தார். 1950இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையை உருவாக்கினார்.

வை.எம்.எம்.ஏ.யை ஏன் சொல்கிறேன் என்றால், நமது சமூகத்தில் பாடசாலைக்கு வெளியே இளைஞருக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பதை நாடளாவிய அமைப்பாகச் சிந்தித்த பெரிய முயற்சி அது. இந்த எண்ணம் உலகத்தில் ஏற்கெனவே இருந்தது. 1844இல் லண்டனில் துணிக்கடை வேலையாளாக இருந்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் தன்னைப்போன்ற இளைஞர்களுக்காக வை.எம்.சி.ஏ.யைத் தொடங்கினார். வேலை முடிந்த பிறகு அந்த இளைஞர்கள் போக நல்ல இடம் ஒன்றும் இல்லை என்பதே அவர் கண்ட குறை. பௌத்தர்கள் வை.எம்.பி.ஏ. அமைத்தார்கள். பெயர்கள் ஒன்றையொன்று பார்த்து வைக்கப்பட்டவைதான். கவலையும் ஒன்றுதான்: வேலையோ பாடசாலையோ விட்ட பிறகு பிள்ளை எங்கே போகிறான்?

நமது நகரத்திலும் இந்தக் கவலை இருந்தது. திரித்துவக் கல்லூரியில் 1904 முதல் அதிபராக இருந்த ஏ.ஜி. பிரேசர் தன் மாணவர்களைக் கண்டியின் வறிய குடியிருப்புகளுக்குச் சமூக சேவைக்கு அனுப்பினார். 1972இல் பாதிரியார் போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கி, சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒன்றாக இருந்து பேசவும் வேலை செய்யவும் இடம் கொடுத்தார். நல்லது எங்கிருந்தாலும் பார்த்துப் படிப்பதில் வெட்கம் இல்லை.

இப்போது கேள்வியின் முதல் பாதிக்கு வருவோம். இலவசக் கல்வி.

1945 ஒக்டோபரில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நம்மைப் போன்ற எத்தனையோ குடும்பங்கள் இன்று நிமிர்ந்து நிற்பது அதனால்தான். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. அது கண்டிப் பக்கம் வரவேண்டும் என்று முன்னின்று வாதாடியவர்களில் நீதியரசர் எம்.ரி. அக்பரும் ஒருவர். மகாவலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்பர் விடுதி அவர் பெயரில்தான் இருக்கிறது. 1960 கடைசியில் பெரும்பாலான உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அப்போது கல்வி அமைச்சர் வேறு யாருமில்லை, கம்பளை ஸாஹிராவை நடத்திய அதே பதியுதீன் மஹ்மூத்.

இதனால் கிடைத்த நன்மை பெரிது. ஆசிரியர் சம்பளத்துக்கு ஊர் ஊராகப் போய்க் கையேந்த வேண்டியதில்லை. பின்தங்கிய கிராமத்துக்கும் பாடசாலை வந்தது. இதை ஒருபோதும் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு ஒரு பழக்கம் மெல்ல மெல்லப் போனது. கல்விக்கு மாதாமாதம் கொடுக்கும் பழக்கம். "அதை அரசாங்கம் பார்க்கும்" என்று ஆனது. கொடுக்கிற கை நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அது வேறு பக்கம் திரும்பியது. பள்ளிவாசல்கள் இரண்டு மாடி, மூன்று மாடி ஆயின. மினாராக்கள் உயர்ந்தன. அதுவும் நன்மைதான். ஆனால் மாடிகளில் பாதி நேரம் ஆளில்லை.

அரசாங்கப் பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. மஃரிபுக்கு இன்னும் நாலைந்து மணித்தியாலம் இருக்கிறது. இந்த நேரத்தை அரசாங்கம் பொறுப்பெடுக்கவில்லை. முன்பு ஓதப்பள்ளியும் விளையாட்டு மைதானமும் பெரிய குடும்பமும் அதை நிரப்பின. சின்னப் பிள்ளைகளுக்கு இன்றும் குர்ஆன் மத்ரஸா இருக்கிறது. பதின்மூன்று வயது தாண்டியதும் அதிலிருந்தும் விலகிவிடுகிறார்கள். பிறகு காசுள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போகிறது. காசில்லாத வீட்டுப் பிள்ளை எங்கே போகிறது? வாப்பா வெளிநாட்டில், அல்லது கடையில் இரவு வரை. உம்மா தையலில். கையில் போன். சந்தியில் த்ரீவீல். இப்போது 'ஐஸ்' என்ற சனியனும் வந்து நிற்கிறது. நான் பெயர் சொல்லத் தேவையில்லை, ஒவ்வோர் ஊரிலும் ஒரு குடும்பமாவது அழுதுகொண்டிருக்கிறது.

டியூஷன் பாடம் சொல்லிக் கொடுக்கும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முந்நூறு பேர் இருக்கிற ஹோலில், இன்று வராத பிள்ளை யார் என்று யாரும் தேட மாட்டார்கள். பின்னேர நிலையத்தின் வேலை அதுதான். வராத பிள்ளையைத் தேடுவது. கணக்குத் தெரியாதவனைப் பக்கத்தில் இருத்தி ஐந்தாம் ஆண்டுப் பின்னத்திலிருந்து மறுபடி தொடங்குவது. சிங்களம் பேசப் பழக்குவது. கண்டியில் வாழும் தமிழ் மொழிமூலப் பிள்ளை வேலைக்குப் போகும் முதல் நாளே அதன் அருமையை உணரும்.

கடந்த சில வருடங்கள் இதை இன்னும் அவசரமாக்கிவிட்டன.

2018 மார்ச் முதல் வாரம் யாருக்கும் மறக்காது. திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 6ஆம் திகதி அவசரகால நிலை, அடுத்த நாள் முகநூலும் வட்ஸ்அப்பும் தடை. அதே வருடக் கடைசியில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டன. கைதானவர்களில் நமது இளைஞர்கள் இருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு. அந்தப் பாவச் செயலுக்கும் நமது மார்க்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை தடவை சொன்னோம். சொன்னதோடு நின்றால் போதுமா? நமது பிள்ளைகள் பின்னேரம் யாரிடம் கேட்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், யார் அவர்களுக்குத் தலைவர் என்பதை நாமே அறிந்திருக்க வேண்டாமா? வெறுமையாக விடப்பட்ட பின்னேரத்தை யாராவது ஒருவர் நிரப்பத்தான் செய்வார். அது போதைக்காரனாகவும் இருக்கலாம், வெறி ஊட்டுபவனாகவும் இருக்கலாம்.

பிறகு கொரோனா. பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. பிறகு 2022 நெருக்கடி. எண்ணெய் வரிசை, பல மணிநேர மின்வெட்டு. அந்த மூன்று வருடத்தில் ஆறாம், ஏழாம் ஆண்டில் இருந்த பிள்ளைகள் அடித்தளம் இல்லாமலேயே மேல் வகுப்புக்கு ஏறினார்கள். வகுப்பறையில் நின்று பார்க்கிறவனுக்கு அந்த ஓட்டை தெரியும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அதை அடைக்க முடியாது.

சரி, இந்த வரலாறு நிலையம் நடத்துவதைப் பற்றி என்ன சொல்கிறது? எனக்குப் பட்ட மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கொடை சிறிதாகவும் தொடர்ச்சியாகவும் பலரிடமிருந்தும் வர வேண்டும். ஒரு தனவந்தரை நம்பியிருந்தால் அவர் வபாத்தானாலோ வியாபாரம் சரிந்தாலோ கதவு மூடப்படும். சிறிதானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று நமக்குப் படிப்பித்திருக்கிறார்கள். நமது கொடையாளிகளைக் குறை சொல்லவில்லை, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கட்டடத்துக்குக் காசு கிடைக்கிறது, ஏனென்றால் கல்லில் பெயர் பொறிக்கலாம். மேசை, கதிரை, மின்விசிறிக்குக்கூடக் கிடைக்கிறது. கரண்ட் பில்லுக்குக் கிடைப்பதில்லை. போட்டோகொப்பிக்குக் கிடைப்பதில்லை. கணிதம் படிப்பிக்க வரும் கம்பஸ் பிள்ளையின் பஸ் காசுக்குக் கிடைப்பதில்லை. பசியோடு வரும் பிள்ளைக்கு ஒரு பணிஸும் பிளேன்டீயும் கொடுக்கக் கிடைப்பதில்லை. நிலையங்கள் மூடப்படுவது கட்டடம் இல்லாமல் அல்ல, இந்தச் சில்லறைச் செலவுக்கு வழியில்லாமல்தான். யோசித்துப் பாருங்கள், அந்தக் காலத்துப் பிடியரிசி இந்தச் சில்லறைக்குத்தான் போனது.

இரண்டாவது, கணக்கு. வக்பு சம்பந்தமாக இந்த நாட்டில் 1931இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. பிறகு 1956இன் 51ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் கணக்கு வைத்து ஒப்படைக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. சட்டத்துக்காக மட்டுமல்ல, சந்தேகம் தர்மத்தைத் தின்றுவிடும் என்பதற்காகவும் அது வேண்டும். மாதம் நூறு ரூபா கொடுக்கும் கூலிக்காரச் சகோதரருக்கும் அந்த நூறு எங்கே போனது என்று பார்க்க உரிமை உண்டு. ஆகவே வரவும் செலவும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆவுக்கு முன் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். நமது நிலையத்தில் இதைச் செய்கிறோம். வேறு ஊர்களில் நடத்துகிறவர்களும் செய்யுங்கள். 2019க்குப் பிறகு பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நம்மை நோக்கி அதிகமாகவே வருகிறது. அதற்குச் சிறந்த பதில், அந்தப் பணம் இந்த ஊர் வீடுகளிலிருந்தே வருகிறது என்று தாளைக் காட்டுவதுதான்.

மூன்றாவது, திறந்த கதவு. யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரி அஸீஸுக்குக் கதவைத் திறந்தது. தர்மராஜவிலும் ஆனந்தவிலும் ஜாயா படிப்பித்தார். நமது தலைவர்களை உருவாக்கியதில் மற்றச் சமூகங்களின் பாடசாலைகளுக்குப் பங்குண்டு. அந்தக் கடனை மறக்கக்கூடாது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையோ தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையோ ஆங்கிலம் படிக்க வந்தால், கதிரை போட்டு இருத்த வேண்டும். தொழுகை நேரத்தில் நமது பிள்ளைகள் தொழட்டும், அந்தப் பிள்ளை படிக்கட்டும். கிராம சேவகரும் பன்சலை ஹாமதுருவும் வந்து பார்க்கட்டும். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பற்றித்தான் கதை கட்டுவார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். நூற்றுமுப்பது வருடத்துக்கு முன் சித்தி லெப்பை அவர்களுக்குப் பாடசாலை தொடங்கிய நகரத்தில், இன்று பின்னேர நிலையம் என்றால் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைப்பது சரியில்லை. வேறு நாள், பெண் ஆசிரியைகள், மஃரிபுக்கு முன் வீடு. ஏற்பாடு செய்ய முடியும். மனம் இருந்தால் போதும்.

ஆகவே கேட்ட சகோதரர்களுக்கு என் பதில் இதுதான். காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது, அதற்கு நன்றி. அதற்குப் பிந்திய நேரம் எப்போதும் ஊரின் பொறுப்பில்தான் இருந்தது. லெப்பைக்குச் சாப்பாடு கொடுத்த காலத்திலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். இடையில் ஓர் அறுபது வருடம் நாம் அதை மறந்திருந்தோம்.

வரும் மாதத்திலிருந்து வீட்டுக்கு ஒரு சிறிய தொகையாகச் சேர்க்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. எவ்வளவு என்பது உங்கள் வசதி. ஐம்பது ரூபாவானாலும் பெயர் பட்டியலில் வரும், தொகை வராது. காசு கொடுக்க முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். கணிதம், விஞ்ஞானம், சிங்களம், ஆங்கிலம் தெரிந்தவர்கள் வாரத்தில் ஒரு பின்னேரம், இரண்டு மணித்தியாலம் தாருங்கள். ஓய்வுபெற்ற சேர்மார், டீச்சர்மார், கம்பஸ் படிக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் இது பொருந்தும். ஒன்றும் முடியாவிட்டால் உங்கள் வீதியில் பின்னேரம் சும்மா நிற்கும் ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதுவும் ஸதகாதான்.

நம்மைப் படிக்க வைத்த அந்த முன்னோர்களின் பணியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நமது பிள்ளைகளின் பின்னேரங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.

கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பழைய கண்டிப் பாடசாலைகள் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் படமோ கடிதமோ கதையோ இருந்தால் அதையும் பகிருங்கள், சேர்த்து வைப்போம்.